படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு நம் பிள்ளைகளைச் சிங்கப்பூருக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். உட்லண்ட்ஸில் எம்.ஆர்.டி. ரயில் ஏறி, டோபி காட்டில் வண்டி மாறி, பெருமாள் கோயிலுக்குப் போக ஃபேரர் பார்க்கில் இறங்கினோம். 2003 ஜூன் 20-இல் திறந்த வடகிழக்குப் பாதை அது. வண்டிக்கு ஓட்டுநரே கிடையாது. பலகையில் ஊர்ப்பெயரைத் தமிழில் பார்த்ததும் பிள்ளைகள் துள்ளினார்கள். "சார், இங்க ஒரு படம் எடுங்க!" என்றார்கள். ஒருத்தி மட்டும், "எடுத்தா போலீஸ் பிடிக்குமா சார்?" என்றாள்.

நல்ல கேள்வி. நம் சொந்த நினைவுக்காக, வழியை மறிக்காமல் எடுத்தால் அங்கே பொதுவாகத் தடை இல்லை. வியாபாரத்துக்கோ சினிமாவுக்கோ எடுப்பதானால் ரயில் நடத்தும் நிறுவனத்திடம் முன்அனுமதி பெற வேண்டும்.

அந்தப் பிள்ளையின் பயத்துக்கும் காரணம் உண்டு. நாங்கள் வந்த வழியில்தான் ஈசூன் நிலையம் இருக்கிறது. அதைத் தாக்கத் திட்டமிட்டு எடுத்த ஒளிநாடா ஒன்று, ஆப்கானிஸ்தானில் ஒரு வீட்டின் இடிபாட்டில் கிடைத்தது. 2001 டிசம்பரில் சிங்கப்பூரில் பலர் கைதானார்கள். நியூயார்க்கிலோ 2004-இல் சுரங்க ரயிலில் படமே எடுக்கக் கூடாது என்று விதி கொண்டுவரப் பார்த்தார்கள். மக்கள் எதிர்த்தார்கள், மறு ஆண்டே கைவிட்டார்கள். ஒரு சிலர் செய்த குற்றத்துக்காக ஊரார் எல்லாரையும் சந்தேகிக்க முடியுமா?

ஆனால் ஒன்றில் சட்டம் கண்டிப்பானது. ஒருவரின் அந்தரங்கத்தை அவருக்குத் தெரியாமல் படம்பிடித்தால், 2020 ஜனவரி முதல் சிங்கப்பூரில் 2 ஆண்டு வரை சிறை, அபராதம், பிரம்படி. வாலிபப் பிள்ளைகள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

இதெல்லாம் சட்டம். சட்டம் தொடாத இடம் ஒன்று உண்டு. அங்கேதான் நான் தவறினேன்.

திரும்பும் வண்டியில், வேலை முடிந்து வந்த தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். வேடிக்கையாக இருந்தது, கைபேசியில் எடுத்துவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் விழித்துக்கொண்டார். கோபப்படவில்லை. "தம்பி, ஊர்ல எம் பொண்ணு நான் ஆபீஸ்ல இருக்கேன்னு நெனச்சிக்கிட்டு இருக்கு. அழிச்சிடுங்க தம்பி" என்றார். நான் குற்றம் எதுவும் செய்யவில்லை. ஆனாலும் தலை நிமிர முடியவில்லை. அவர் கண்முன்னே அழித்தேன், மன்னிப்புக் கேட்டேன். பிள்ளைகளின் சிரிப்பு அடங்கிவிட்டது.

அன்றிரவு என் பாட்டியை நினைத்துக்கொண்டேன். பால்மரம் வெட்டியவர் அவர். தோட்டம் பார்க்க வந்த யாரோ அவரைப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். "வாளியும் கையுமா நின்னேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா, தலையாவது சீவிக்கிட்டு வந்திருப்பேனே" என்று கடைசிவரை சொல்லுவார். கேளாமல் எடுத்த படத்தின் வலி தோட்டத்துப் பிள்ளையான எனக்கே மறந்துபோனதே!

பெற்றோர்களே, இன்று இந்த மேடையிலும் நீங்கள் படம் எடுப்பீர்கள். தாராளமாக எடுங்கள். ஆனால் பரிசு கிடைக்காமல் மூலையில் கண்ணைக் கசக்கும் பிள்ளையை எடுத்துவிடாதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையென்றால், "எடுக்கட்டுமா?" என்று கேளுங்கள். அந்த ஒரு வார்த்தைக்குக் காசு இல்லை.

பரிசு பெறும் பிள்ளைகளுக்கும், அடுத்த ஆண்டு பெறப்போகும் பிள்ளைகளுக்கும் என் வாழ்த்து.