ஒரு கப்பல் இறக்கிவிட்ட காய்ச்சல்

(தோட்டக் குடும்பங்களுக்கான சுகாதாரக் கூட்டமொன்றில் எமது நலன்புரிப் பிரிவினர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்த கையோடு, முகம் கழுவக்கூட நேரமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். முதலில் அதற்கு நன்றி. "சளிக் காய்ச்சல்தானே, கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சா மூணு நாளில போயிரும், இதுக்கு ஒரு கூட்டமா?" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது. பெரும்பாலும் அப்படித்தான் போய்விடும். ஒருமுறை அப்படிப் போகவில்லை. உலகமெல்லாம் பரவி, கோடிக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோன அந்தக் காய்ச்சல் 1918இல் நம் இலங்கைக்கும் வந்தது. இன்று நாங்கள் சொல்லப்போவது வேறொரு சின்ன நாட்டின் கதை. அங்கே காய்ச்சல் இருந்தது இரண்டு மாதம்தான். அது விட்டுப்போன வடு இன்னும் இருக்கிறது.

அந்த நாட்டுக்குப் பெயர் சமோவா. பசிபிக் கடலின் நடுவே உள்ள தீவுகள். சேம்பு, ஈரப்பலா, தேங்காய், மீன் இவைதான் சனங்களின் சாப்பாடு. தீவுகளின் மேற்குப் பகுதி ஜெர்மன்காரரிடம் இருந்தது. 1914இல் யுத்தம் தொடங்கியதும் நியூசிலாந்துப் படை வந்து பிடித்துக்கொண்டது. கிழக்குப் பகுதி அமெரிக்காவின் கையில். இரண்டிலும் ஒரே சனம், ஒரே பாஷை, கொண்டான் கொடுத்தான் உறவு.

1918 நவம்பர் 7ஆம் திகதி, நியூசிலாந்தின் ஒக்லண்டிலிருந்து புறப்பட்ட 'டலூன்' என்ற கப்பல் மேற்குச் சமோவாவின் ஆப்பியா துறைமுகத்துக்கு வந்தது. கப்பலில் காய்ச்சல்காரர்கள் இருந்தார்கள். வழியில் பிஜித் தீவில் அந்தக் கப்பலை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்த விஷயத்தைக் கப்பல் தலைவர் ஆப்பியாவில் சொல்லவில்லை. பார்க்க வந்தவர்களும் சரியாகப் பார்க்கவில்லை. பயணிகள் இறங்கி ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நம்ம கணக்கில் சொன்னால்தான் விளங்கும். பிரட்டுக்களத்தில் நூறு பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் கழித்துப் பேர் கூப்பிட்டால் 22 பேர் இல்லை. மேற்குச் சமோவாவில் செத்தவர்கள் ஏறக்குறைய 8,500 பேர். இந்தக் காய்ச்சல் குழந்தைகளையும் கிழடுகளையும் மட்டும் தேடிப் பிடிக்கிற காய்ச்சலும் அல்ல. நல்ல திடமாக வேலை செய்த ஆட்கள்தான் சாய்ந்தார்கள். வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால் தோட்டத்துக்குப் போய்ச் சேம்பு கிண்ட யார்? அடுப்பு மூட்ட யார்? ஒரு வாய் தண்ணி கொடுக்க யார்? காய்ச்சல் தணிந்தும் பட்டினியால் செத்தவர்கள் உண்டு. பிரேதங்களைப் பாயில் சுருட்டி, லொறியில் ஏற்றிக்கொண்டுபோய் வைமேயா என்ற இடத்தில் ஒரே குழியில் போட்டார்கள். பெற்ற பிள்ளைக்கு ஒரு பிடி மண் போட முடியாமல் போன தாய்மார் எத்தனை பேரோ.

இனிக் கிழக்குப் பக்கம் பாருங்கள். அங்கே போயர் என்ற அமெரிக்கக் கவர்னர் கம்பியில்லாத் தந்தியில் செய்தி கேட்டவுடனே கரையை அடைத்துவிட்டார். ஊர்ச் சனங்களே கரையில் காவல் நின்று, மேற்கிலிருந்து வந்த வள்ளங்களைத் திருப்பினார்கள். வந்தவர்கள் அந்நியர் இல்லை, சொந்தக்காரர்கள். மனசு கேட்டிருக்குமா? இருந்தும் திருப்பினார்கள். அந்தக் காய்ச்சலால் அங்கே ஒருவரும் சாகவில்லை.

அது மட்டுமா? டொக்டர்களை அனுப்பவா என்று போயர் மேற்குக்குச் செய்தி அனுப்பினார். அங்கே நிர்வாகியாக இருந்த லோகன் என்ற நியூசிலாந்து அதிகாரி அந்த உதவியை ஏற்கவில்லை. அவுஸ்திரேலியாவிலிருந்து மருத்துவ ஆட்களோடு ஒரு கப்பல் வந்து சேர்ந்தபோது டிசம்பர் 3 ஆகிவிட்டது.

சனங்கள் காய்ச்சலை மன்னித்தார்கள்; அது கண்ணுக்குத் தெரியாத கிருமி. இதை மன்னிக்கவில்லை. 1919 ஜனவரியிலேயே ஊர்த் தலைவர்கள், நியூசிலாந்து ஆட்சி வேண்டாம் என்று மனு எழுதினார்கள். அந்த வருஷமே ஒரு விசாரணைக் குழு வந்து அதிகாரிகளின் பிழைகளை எழுதி வைத்தது. ஆனாலும் ஆட்சி மாறவில்லை. பரம்பரைக் கதையும் காணி எல்லையும் தெரிந்த மூத்தவர்கள் பலர் ஒரே மாதத்தில் மண்ணுக்குள் போய்விட்டார்கள். விபரம் கேட்க ஆளில்லை. சின்ன வயசுக்காரர்கள் தலைமைக்கு வந்தார்கள், அந்த ஆத்திரத்தோடேயே வந்தார்கள்.

1920களின் பிற்பகுதியில் 'மௌ' என்ற இயக்கம் எழுந்தது. நீலத் துணியில் வெள்ளைக் கோடு போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு, ஆயுதமில்லாமல் போராடினார்கள். வரி கட்ட மறுத்தார்கள். 1929 டிசம்பர் 28ஆம் திகதி ஆப்பியாவில் அவர்கள் ஊர்வலம் போனபோது பொலிசார் சுட்டார்கள். தலைவர் டுப்புவா டமாசேசே செத்துப்போனார். சாகும்போதும், எனக்காகப் பழி வாங்க வேண்டாம் என்று சொன்னவர் அவர். 1962 ஜனவரி 1இல் சமோவா சுதந்திரம் பெற்றது. சுதந்திரத்துக்குக் காரணம் காய்ச்சல் ஒன்றுதான் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் சமோவாக்காரர்கள் அந்தக் கதையை எங்கிருந்து தொடங்கினாலும் 'டலூன்' கப்பலைத் தொடாமல் சொல்வதில்லை.

2002இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் ஆப்பியாவுக்கே போய், காய்ச்சலுக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் மன்னிப்புக் கேட்டார். 84 வருஷம் கழித்து! பிள்ளையைப் பறிகொடுத்த எந்தத் தாயும் அதைக் கேட்க உயிரோடு இருந்திருக்க மாட்டாள்.

2019இல் சமோவாவில் சின்னமுத்து பரவி 83 பேர் செத்தார்கள். பெரும்பாலும் பச்சைப் பிள்ளைகள். முந்தின வருஷம் தாதிமார் மருந்தைப் பிழையாகக் கலந்து ஊசி போட்டதில் இரண்டு குழந்தைகள் இறந்திருந்தன. அதோடு தாய்மார் ஊசிக்குப் பயந்து, பிள்ளைகளைக் கொண்டுவரவில்லை. கடைசியில் அரசாங்கம், ஊசி போடாதவர்கள் உள்ள வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொல்லி, வீடு வீடாகப் போய் ஊசி போட்டது.

மறுவருஷம் 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது சமோவா வாசலை மூடிவிட்டது. சொந்தப் பிரஜைகளே மாதக்கணக்கில் ஒக்லண்டில் காத்துக் கிடந்தார்கள். குறை சொன்னவர்களும் உண்டு. ஊருக்குள் கொரோனா பரவத் தொடங்கியது 2022 மார்ச்சில்தான். அதற்குள் பெரியவர்களில் பெரும்பாலானோர் ஊசி போட்டு முடித்திருந்தார்கள்.