பதினோராம் வகுப்பைத் தாண்டிக் குதிக்காதீர்

(ஜமாஅத்தின் கல்விப் பரிசளிப்பு விழாவில் மேல்நிலைப் பள்ளி மாணவ, மாணவியருக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எல்லாப் பாடங்களைப் பற்றியும் பேச எனக்குத் தகுதியில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நான் கற்பித்த வேதியியல் ஒன்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன். மருத்துவம், மருந்தியல், செவிலியம், வேளாண்மை, பொறியியல் என எந்தப் படிப்பை நாடினாலும் இப்பாடம் வாசலில் நிற்கிறது. நீட் தேர்வின் 720 மதிப்பெண்களில் 180 வேதியியலுக்குரியவை. பொறியியல் கலந்தாய்வின் 200 மதிப்பெண் கணக்கில் 50 இதற்குரியது. ஆயினும் நம் மஹல்லாவின் பிள்ளைகள் அதிகமாக அஞ்சுவதும் இப்பாடத்திற்குத்தான். அந்த அச்சம் எங்கே பிறக்கிறது என்று தேடினால், பெரும்பாலும் பதினோராம் வகுப்பில்தான் போய் நிற்கும்.

தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது, இரண்டாண்டுப் படிப்பாகவே அது வகுக்கப்பட்டது. ஆனால் பொதுத்தேர்வு இரண்டாம் ஆண்டில் மட்டுமே இருந்தது. விளைவு என்ன? பல பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் புத்தகம் புதுக்கருக்குக் கலையாமலே கிடந்தது. ஜூன் மாதத்தில் பெயருக்கு நான்கு பாடம் நடத்திவிட்டு, அடுத்த ஆண்டுப் பாடத்தைத் தொடங்கிவிடுவார்கள். பெற்றோரும் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டனர். இந்த வழக்கத்தைத் தடுக்கும் பொருட்டு 2017-18 கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025-26 கல்வியாண்டு முதல் அத்தேர்வு விலக்கிக்கொள்ளப்பட்டிருக்கிறது. இரண்டாண்டுகள் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதும் சுமை குறைந்தது பிள்ளைகளுக்கு நல்லதே. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் காவற்காரர் வீட்டுக்குப் போய்விட்டார் என்பதைப் பெற்றோர் உணர வேண்டும். இனி அந்தப் புத்தகம் முழுமையாக நடத்தப்படுகிறதா என்று கேட்க வேண்டியவர்கள் நீங்களே.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு ஓர் உதாரணம் கூறுகிறேன். பதினோராம் வகுப்பின் முதல் பாடத்தில் மோல் என்ற கருத்து வருகிறது. இரும்புக் கடையில் ஆணி வாங்கும்போது யாரும் ஒன்று, இரண்டு என்று எண்ணி வாங்குவதில்லை, நிறுத்து வாங்குகிறோம். ஓர் ஆணியின் எடை தெரிந்தால், ஒரு கிலோவில் எத்தனை ஆணி என்பது தானே தெரிந்துவிடும். அணுக்களையும் மூலக்கூறுகளையும் எண்ணி மாளாது. ஆகவே நிறுத்து எண்ணுகிறோம். 18 கிராம் தண்ணீர் ஒரு மோல், 58.5 கிராம் சமையல் உப்பு ஒரு மோல். 18 கிராம் தண்ணீரில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை, 6022 என்று எழுதி அதன் பின்னே இருபது சுழியங்கள் இட்டால் வரும் எண். கருத்து இவ்வளவுதான். ஒரு வாரம் பொறுமையாகக் கணக்குப் போட்டால் கைவந்துவிடும். அந்த ஒரு வாரத்தைத் தவறவிட்ட மாணவனுக்கோ, கரைசல்கள், வேதிச் சமநிலை, அடுத்த ஆண்டில் அயனிச் சமநிலை, வேதிவினை வேகவியல், மின் வேதியியல் ஆகிய அனைத்தும் இருட்டறைதான். அவன் சூத்திரத்தை மனப்பாடம் செய்வான். எண்ணை மாற்றிக் கேட்டால் திகைப்பான். பிறகு, "எனக்குக் கெமிஸ்ட்ரி வராது" என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொள்வான்.

கரிம வேதியியலும் அப்படியே. எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்பதைப் பதினோராம் வகுப்பில் புரிந்துகொண்டவருக்கு, பன்னிரண்டாம் வகுப்பின் ஆல்கஹால், ஆல்டிஹைடு, அமின் பாடங்கள் ஒரே குடும்பத்தின் கதை போல விளங்கும். புரியாதவருக்கு அவை நூற்றுக்கணக்கான தனித்தனி சமன்பாடுகள்.

அடுத்து ஆய்வகம். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டிற்கு 10 மதிப்பெண்கள். செய்முறையில் மதிப்பெண் எளிதாகக் கிடைத்துவிடும் என்ற எண்ணத்தால், தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் மட்டும் ஆய்வகத்தைத் திறக்கும் பள்ளிகள் உண்டு. இது பிள்ளைகளுக்கு இழைக்கப்படும் அநீதி என்றே கருதுகிறேன். பியூரெட்டில் ஊதா நிறப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்; கீழே கூம்புக் குடுவையில் மோர் உப்புக் கரைசலும் நீர்த்த கந்தக அமிலமும். (மோர் உப்பு என்றதும் வகுப்பே சிரிக்கும். நாம் குடிக்கும் மோருக்கும் அதற்கும் தொடர்பில்லை. அது மோர் என்னும் ஜெர்மானிய வேதியியலாளரின் பெயர்.) துளித்துளியாக விட, விழும் நிறமெல்லாம் மறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் ஒரே ஒரு துளி, குடுவை முழுவதையும் இளஞ்சிவப்பாக்கி நிலைத்துவிடும். அங்கே நிறுத்த வேண்டும். கந்தக அமிலத்திற்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஏன் ஊற்றக்கூடாது? பெர்மாங்கனேட் அந்த அமிலத்தில் உள்ள குளோரைடையும் ஆக்ஸிஜனேற்றம் செய்து, கணக்கைக் கெடுத்துவிடும். தன் கையால் செய்து பார்த்த மாணவி இதை மறப்பதில்லை. ஆக்ஸிஜனேற்றம், ஒடுக்கம் ஆகிய சொற்கள் அவளுக்கு அன்றுதான் உயிர் பெறுகின்றன.

புத்தகத்திற்கு வெளியிலும் நம்மைச் சுற்றி வேதியியல் நிறைந்திருக்கிறது. பழைய முறையில் ஐஸ்கிரீம் செய்வோர் பாத்திரத்தைச் சுற்றி ஐஸ் கட்டியோடு கல்லுப்பையும் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு சேர்ந்தால் நீரின் உறைநிலை பூச்சியத்திற்குக் கீழே இறங்கும் என்பது பதினோராம் வகுப்புக் கரைசல்கள் பாடம். அடுத்த முறை ஜிகர்தண்டா பருகும்போது பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடிச் சேலைகளுக்கு ஏற்றப்படும் சாயங்களில் நாப்தால் வகையும் உண்டு. நூலிழையின் மீதே இரு பொருள்கள் இணைந்து நிறம் உருவாகும் அந்த வினைதான், பன்னிரண்டாம் வகுப்பில் டைஅசோனியம் உப்புகளின் இணைப்பு வினை என்று வருகிறது. சிவகாசியில் பச்சை ஒளிக்குப் பயன்பட்ட பேரியம் உப்புகளை உச்ச நீதிமன்றம் 2018இல் தடை செய்தபின், அதற்கு மாற்றுத் தேடும் பொறுப்பு யார் மீது விழுந்தது? வேதியியல் கற்றவர் மீதுதான்.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருப்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25 அன்று பிரதமர் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். மதுரையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத் தொலைவுதான்.

நம் மேடைகளில் ஜாபிர் இப்னு ஹய்யான், அர்ராஸி ஆகியோரின் பெயர்களைப் பெருமையுடன் கூறுகிறோம். காரத்தைக் குறிக்கும் 'அல்கலி' என்ற சொல்லே அரபியிலிருந்து வந்தது என்றும் சொல்கிறோம். உண்மைதான். ஆனால் அவர்கள் உலையின் முன் நின்று, வடித்து, நிறுத்து, எழுதி வைத்தவர்கள். அந்தப் பெயர்களைச் சொல்லிவிட்டுப் பிள்ளையின் ஆய்வகக் குறிப்பேட்டைத் திறந்தும் பாராமல் இருப்பதில் என்ன பொருள்? அண்மைக் காலத்து மனிதர் ஒருவரைச் சொல்கிறேன். 2025ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவரான உமர் யாகி, ஜோர்டானின் அம்மான் நகரில் பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில், மின்வசதியற்ற வீட்டில் வளர்ந்தவர். உலோக அயனிகளையும் கரிம மூலக்கூறுகளையும் பின்னி, நுண்துளைகள் நிறைந்த படிகங்களை உருவாக்கினார். அவற்றுள் ஒருவகை, பாலைவனக் காற்றிலிருந்தே நீரைப் பிடித்துத் தருகிறது. அதன் அடிப்படை, பன்னிரண்டாம் வகுப்பின் ஐந்தாம் பாடமான அணைவு வேதியியலில் இருக்கிறது.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். "ஆய்வகமெல்லாம் அவளுக்கு எதற்கு?" என்று கேட்டு, பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற மகளை அறிவியல் பிரிவிலிருந்து விலக்கும் தந்தையர் இன்றும் உள்ளனர். வணிகவியல் நல்ல படிப்பே. அவள் விரும்பினால் படிக்கட்டும். நம் அச்சத்திற்காக அவள் படிக்க வேண்டியதில்லை. வேதியியலில் பட்டம் பெற, நம் நகரிலேயே பாத்திமா கல்லூரியும் லேடி டோக் கல்லூரியும் பெண்களுக்கென்றே இருக்கின்றன.

நிர்வாகப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். பரிசுத் தொகையின் ஒரு பகுதியைப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் மதரஸா கூடம் காலியாக இருக்கும் நாட்களில், வாரம் இருமுறை கணக்குப் பயிற்சி வகுப்பு நடத்தலாம். ஒரு கரும்பலகை போதும். வருகின்ற ஜூன் மாதம் மோல் கணக்கிலிருந்து தொடங்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். பிள்ளைகளின் பெயர்களைச் செயலாளர் அவர்களிடம் பதிவு செய்யுங்கள்.