வெதுவெதுப்பான கடலுக்குள் இறங்கும் முன்



விடுமுறைக்கு அந்தமான் போகும் தமிழ்க் குடும்பங்கள் பல, இப்போது ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறியிருக்கும் ஹேவ்லாக்கில் ஸ்கூபா முக்குளிப்பு செய்யாமல் திரும்புவதில்லை. நீச்சல் தெரியாதவர்களையும் பயிற்சியாளர் கூடவே இருந்து அழைத்துப் போகிறார். பத்து வயது நிறைந்த பிள்ளைகளும் இறங்கலாம். இந்த அறிமுக முக்குளிப்பில் 12 மீட்டருக்குக் கீழே யாரையும் கூட்டிப்போவதில்லை. போகிறவர்கள் என்ன உடுத்த வேண்டும், உள்ளே என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும்.

அந்தக் கடலின் வெப்பநிலை 27 முதல் 30 டிகிரி வரை இருக்கும். கால் நனைத்தால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் நம் உடம்பின் வெப்பம் 37 டிகிரி. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் இதே கடலில் முக்கால் மணி நேரம் இருந்தாலே பலருக்கு நடுக்கம் வந்துவிடும். ஒல்லியானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இன்னும் சீக்கிரம் வரும்.

வெட்சூட் என்ற முக்குளிப்பு உடை தேவைப்படுவது இதற்காகத்தான். அது நியோப்ரீன் என்ற ரப்பரால் ஆனது. அந்த ரப்பருக்குள் பொடிப்பொடியாக வாயுக் குமிழ்கள் உண்டு. உடைக்குள் கொஞ்சம் தண்ணீர் புகத்தான் செய்யும். அதை நம் உடம்பு சூடாக்கும். அந்தச் சூடு வெளியே போகாமல் ரப்பர் காக்கும். உடை தொளதொளவென்று இருந்தால் புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், பயனில்லை. அதனால், மூச்சு விடச் சிரமமில்லாத அளவுக்கு இறுக்கமான உடையாகக் கேட்டு வாங்குங்கள். வெப்பக் கடலுக்கு 3 மில்லிமீட்டர் தடிமன் போதும். கைகால் முழுக்க மூடும் உடையானால் வெயிலும் ஜெல்லி மீனின் கொட்டும் நூல்களும் தோலைத் தொடாது. பெரும்பாலான உடைகளில் ஜிப் முதுகுப் பக்கம் வரும். கரையில் அதைப் போட்டுக்கொண்டு நின்றால் வியர்த்துக் கொட்டும். இடுப்புவரை ஏற்றி வைத்துக்கொண்டு, தண்ணீர் அருகில் போனதும் மேலே இழுத்து மூடச் சொல்லுங்கள்.

உள்ளே நீச்சலுடை போடலாம். அதில் கூச்சமிருந்தால், உடம்போடு ஒட்டிய லெகிங்ஸும் முழுக்கை டி-ஷர்ட்டும் போதும். சுடிதார், ஜீன்ஸ் வேண்டாம். கொலுசு, வளையல், மோதிரம், தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றி வையுங்கள். மாஸ்க் முகத்தில் காற்றுப் புகாமல் பொருந்த வேண்டும். வாரைத் தலையில் மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள்; கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் சரியான அளவு. அடர்ந்த மீசையோ ஒரு கற்றை முடியோ இடையில் மாட்டினால் தண்ணீர் கசியும். மீசையின் மேல் ஓரத்தைக் கொஞ்சம் கத்தரித்துக்கொண்டால் நல்லது. கண்ணாடி போடுகிறவர்கள், பவர் பொருத்திய மாஸ்க் இருக்கிறதா என்று முதல் நாளே விசாரியுங்கள்.

இனி, உள்ளே நடப்பவை. முதலில் இடுப்பளவுத் தண்ணீரில் வாயால் மூச்சுவிடப் பழக்குவார்கள். முதுகில் மாட்டும் சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் அல்ல. நாம் சுவாசிக்கும் இதே காற்றுதான், அழுத்தி அடைத்தது. முகம் நீருக்குள் போனதும் படபடப்பு வரும். நிதானமாக நான்கைந்து முறை மூச்சு இழுத்து விட்டால் உடம்பு தானாக அடங்கும்.

ஒன்றிரண்டு மீட்டர் இறங்கியதுமே காது அடைக்கும். வலி தொடங்கும் முன்பே மூக்கைப் பிடித்துக்கொண்டு, மூக்கு வழியாக மெதுவாக ஊதுங்கள். திறக்கவில்லையென்றால் கொஞ்சம் மேலே வந்து மறுபடி முயலுங்கள். வலியோடு இறங்கக் கூடாது. சளி பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்கவே வேண்டாம். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்கு. அங்கே நிரப்பிய மூச்சை அடக்கிக்கொண்டே மேலே வந்தால், அந்தக் காற்று இருமடங்காக விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும். எனவே எந்த நிலையிலும் மூச்சை அடக்காதீர்கள். ஸ்கூபாவின் முதல் விதி இதுதான்.

இந்த இரண்டும் பழகிவிட்டால் பார்ப்பதற்கு எவ்வளவோ இருக்கிறது. மீன்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். ஆழம் கூடக்கூட முதலில் மங்குவது சிவப்பு நிறம். பவளப் பாறைக்குப் பக்கத்தில் கடுகு பொரிவதுபோல் சடசடவென்று ஒரு சத்தம் இடைவிடாமல் கேட்கும். சின்னஞ்சிறு இறால்கள் தங்கள் கொடுக்கைச் சொடுக்கும் ஓசை அது. கிளிமீன் பவளத்தைக் கடித்துச் சுரண்டுவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். ஆனால் எதையும் தொடாதீர்கள். பவளம் உயிருள்ளது, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பது. நெருப்புப் பவளம் என்று ஒன்று உண்டு. பட்ட இடம் தீப்பட்டதுபோல் எரியும்.

படகு ஏறும் முன் உடல்நிலை பற்றி ஒரு படிவம் தருவார்கள். ஆஸ்துமா, இதய நோய், காது அறுவை சிகிச்சை, கர்ப்பம் எதையும் மறைக்காதீர்கள். கட்டிய பணம் போகிறதே என்று உண்மையை மறைப்பது உயிரோடு விளையாடுவது. முக்குளித்த பிறகு விமானம் ஏறும் முன் குறைந்தது 18 மணி நேரம் விடுங்கள். ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அந்த அவகாசம் தேவை. ஆகவே பயணத்தின் கடைசி நாளில் ஸ்கூபா வைத்துக்கொள்ள வேண்டாம்.

கடலுக்கடியில் கட்டைவிரலை உயர்த்தினால் 'மேலே போகலாம்' என்று பொருள். எல்லாம் சரி என்று சொல்ல, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். குளிர்கிறதா, பயமாக இருக்கிறதா, மனசுக்கு ஒப்பவில்லையா? கட்டைவிரலை உயர்த்துங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. எந்த நேரத்திலும் முடித்துக்கொண்டு மேலே வர எல்லோருக்கும் உரிமை உண்டு. நல்ல பயிற்சியாளர் அதை மதிப்பார். இதை உங்கள் பிள்ளைகளுக்குப் படகிலேயே சொல்லி வையுங்கள்.