சென்ட்ரலில் இறங்கும் பிள்ளைகள்

(சங்கக் கூட்டத்தில் பேசியது)

நம்மில் பலர் பழவேற்காடு போய்ப் பூநாரை பார்த்திருப்போம். அங்கே ஏரியில் யார், எந்த நாள் வலை போடுவது என்பதற்குப் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. அதில் இடமில்லாத வீடுகளும் உண்டு. அப்படி ஒரு வீட்டுப் பையன் கோபித்துக்கொண்டு பொன்னேரியில் ரயிலேறினால் சென்ட்ரலில்தான் இறங்குவான். அவனிடம் முதலில் பேசுவது யார்? பெரும்பாலும் வேலைக்கு ஆள் பிடிப்பவர்தான்.

1841-இல் இத்தாலியின் டூரின் நகரில், கிராமத்திலிருந்து பிழைக்க வந்த பையன்களைத் தேடிப் போனவர் பாதிரியார் டான் போஸ்கோ. அவர் தொடங்கிய சலேசிய சபையார்தான் சென்னையில் அன்பு இல்லம் நடத்துகிறார்கள்.

‘மதம் மாற்றத்தானே?’ என்று சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 2015 சிறார் நீதிச் சட்டப்படி, கண்டெடுத்த பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். அவன் எங்கே தங்குவது என்பதைக் குழுதான் முடிவு செய்யும், இல்லத்துக்காரர்கள் அல்ல.

தனியாகத் திரியும் பிள்ளையைப் பார்த்தால் பத்து ரூபாய் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். 1098-க்குப் போன் செய்யுங்கள். ‘பாவம்’ என்று கார் துடைக்கவும் சேர்க்காதீர்கள். 14 வயதுக்குக் கீழே என்றால் அது குற்றம். செக்யூரிட்டி அறையில் ஒட்ட அந்த எண்ணைச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.