ஏடு எழுதுவோர்க்குத் துணைநிரல்கள்

ஆய்வேடு ஒன்றை எழுதி முடிப்பதிலும், அதற்கு ஆதாரமான நூல்களின் பட்டியலை ஒழுங்குபடுத்துவதே பெருந்தொல்லை என்று கூறும் மாணவர் பலர் உளர். ஆசிரியர் பெயர், நூற்பெயர், பதிப்பாண்டு, பதிப்பித்த ஊர், பக்க எண் ஆகிய அனைத்தும் உரிய ஒழுங்கில் அமைதல் வேண்டும். ஆசிரியர் பெயரை அடுத்து ஆண்டு வரவேண்டும் என்று விதிக்கும் துறைகள் சில. இறுதியிலே வரவேண்டும் என்று விதிப்பன சில. ஒரு முறைப்படி எழுதிய கட்டுரை வேறொரு முறையைக் கைக்கொள்ளும் சஞ்சிகைக்குச் செல்லுமாயின், பட்டியல் முழுவதையும் மீண்டும் எழுத நேரிடும். இவ்வேலையிலே கண்ணுக்கும் கைக்கும் உழைப்பு மிகுதி. அறிவுக்கு உழைப்புக் குறைவு. இத்தகைய வேலைகளைக் கணினியிடம் ஒப்படைப்பதற்கென எழுந்தவையே துணைநிரல்கள்.

மைக்ரோசொப்ட் வேர்ட், லிப்ரே ஒபிஸ் முதலிய பெரிய மென்பொருள்கள் எல்லார்க்கும் பொதுவான வசதிகளையே பெரும்பாலும் அளிப்பன. வரலாற்று மாணவர்க்கு வேண்டுவது கணக்காளர்க்கு வேண்டுவதில்லை; கணக்காளர்க்கு வேண்டுவது மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன்படுவதில்லை. ஆகவே, குறித்த ஒரு வேலையை மட்டும் செய்யும் சிறு மென்பொருளைத் தனியே ஆக்கி, பெரிய மென்பொருளோடு இணைத்துக்கொள்ளும் வழி வகுக்கப்பட்டது. வீட்டின் சுவரை இடிக்காமலே பத்தி இறக்குவது போன்றதோர் ஏற்பாடு இது.

நூற்பட்டியல் வேலைக்கு உதவும் துணைநிரல்களுள் சொட்டேரோ என்பது குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்திலுள்ள ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மையம் ஒன்றிலே, 2006ஆம் ஆண்டு அது வெளியாயிற்று. வணிகர் ஆக்கிய பொருளன்று அது. தம் தொழிலின் இடர் இன்னதென்று அறிந்த வரலாற்று அறிஞர்கள் முன்னின்று ஆக்கியது. முதலிலே பயர்பொக்ஸ் என்னும் இணைய உலாவிக்குரிய நீட்சியாகத் தோன்றி, பின்னர்த் தனி மென்பொருளாக வளர்ந்தது. நூலகப் பட்டியலையோ சஞ்சிகைக் கட்டுரையையோ உலாவியிற் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதன் விவரங்களை எடுத்துச் சேமித்து வைக்கும். வேர்ட், லிப்ரே ஒபிஸ் ஆகியவற்றோடு இணைந்து, எழுதுபவர் சுட்டும் இடத்திலே மேற்கோட் குறிப்பைச் சேர்க்கும். ஏட்டின் இறுதியிலே பட்டியலையும் தானே அமைக்கும். பத்தாயிரத்திற்கு மேற்பட்ட மேற்கோள் முறைகள் அதற்கெனக் கிடைக்கின்றன. முறையை மாற்ற வேண்டுமாயின் ஒரு தெரிவே போதும். இதன் அடிப்படைப் பயன்பாட்டிற்குக் கட்டணம் இல்லை என்பது வசதி குறைந்த மாணவர்க்குப் பேருதவியாகும்.

பட்டியல் அமைப்பதோடு அதன் பயன் முடிந்துவிடவில்லை. 1998ஆம் ஆண்டு லான்செற் என்னும் மருத்துவ சஞ்சிகையிலே, சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய நோய்களுக்கான தடுப்பூசியை ஓட்டிசம் என்னும் குறைபாட்டோடு தொடர்புபடுத்திய கட்டுரையொன்று வெளிவந்தது. பன்னிரண்டு சிறுவர்களையே ஆதாரமாகக் கொண்ட அக்கட்டுரையை, 2010ஆம் ஆண்டு அச்சஞ்சிகையே மீளப்பெற்றது. எனினும், மீளப்பெறப்பட்டதை அறியாது அத்தகைய கட்டுரைகளை எடுத்தாள்வோர் பலர். 2019ஆம் ஆண்டு முதல், மீளப்பெறப்பட்ட கட்டுரை ஒருவருடைய சேமிப்பில் இருந்தால் சொட்டேரோ எச்சரிக்கை காட்டுகின்றது. எச்சரிக்கை செய்வது கருவி. அதன் பின் அக்கட்டுரையை என்ன செய்வது என்று தீர்மானிப்பவர் மாணவரே.

எழுத்துப் பிழை காட்டும் நிரல்களும் இவ்வினத்தைச் சேர்ந்தனவே. லிப்ரே ஒபிஸ், பயர்பொக்ஸ் ஆகியவற்றிற் பயன்படும் ஹன்ஸ்பெல் என்பதனை ஆக்கியவர் லாஸ்லோ நேமெத் என்னும் ஹங்கேரியர். ஹங்கேரிய மொழியும் தமிழைப் போன்று ஒரு சொல்லோடு பல விகுதிகளை ஒட்டி வளரும் இயல்புடையது. ஆகவே, சொற்களை ஒரு கோப்பிலும், அவற்றோடு ஒட்டுவனவற்றின் விதிகளை மற்றொரு கோப்பிலும் வைக்கும் முறை அதிலே கையாளப்பட்டது. வீடு என்னும் ஒரு சொல்லிலிருந்து வீட்டை, வீட்டில், வீட்டிலிருந்து என வடிவங்கள் பெருகும் தமிழுக்கும் இம்முறை பொருந்துவதே. ஆயினும் தமிழின் புணர்ச்சி அதற்கு எளிதில் அகப்படுவதன்று. ‘வீட்டைக் கண்டான்’ என்பதிலே ககர ஒற்று மிகுவதும், ‘வீட்டை அடைந்தான்’ என்பதிலே மிகாமையும் அடுத்து வரும் சொல்லைப் பொறுத்தவை. சொல்லைத் தனித்தனியே நோக்கும் நிரல் அடுத்த சொல்லைக் காண்பதில்லை. எனவே, சிவப்புக் கோடு இல்லை என்பதனால் எழுதியது பிழையற்றது என்று எண்ணிவிடலாகாது.

உதவிக்கு வரும் நிரல் ஊறு விளைவிப்பதும் உண்டு. வேர்ட் ஆவணத்தின் உள்ளேயே சிறு கட்டளைத் தொகுதிகளை எழுதிவைக்கும் வசதிக்கு மேக்ரோ என்று பெயர். 1999ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே மெலிசா என்னும் தீநிரல் இவ்வசதியைப் பயன்படுத்தியே பரவிற்று. ஆவணத்தைத் திறந்ததும், திறந்தவருடைய மின்னஞ்சல் முகவரிப் பட்டியலில் முதல் ஐம்பது பேருக்கு அது தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. இணையத்திலிருந்து வரும் ஆவணங்களின் மேக்ரோக்களை இயல்பாகவே தடுத்துவைக்கும் ஏற்பாட்டை மைக்ரோசொப்ட் 2022ஆம் ஆண்டு நடைமுறைப்படுத்தியது.

தீய நோக்கமில்லாத நிரல்களிலும் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. இலக்கணம் திருத்தும் துணைநிரல்கள் பல, எழுதியதைத் தொலைவிலுள்ள நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பியே சோதிக்கின்றன. பள்ளிக் கட்டுரைக்கு இதனால் வரும் தீங்கு சிறிது. நோயாளியின் அறிக்கையையோ, ஊழியரொருவர் மீதான விசாரணைக் கடிதத்தையோ எழுதும் அலுவலர் அவ்வாறு அனுப்புதல் நம்பிக்கைக் கேடாகும். லாங்குவேஜ்டூல் போன்ற சிலவற்றைச் சொந்தக் கணினியிலேயே இயக்கவும் வழியுண்டு. ஜேர்மனியிலே டானியல் நாபர் என்னும் மாணவர் 2003ஆம் ஆண்டு தம் பட்ட ஆய்வாகத் தொடங்கிய முயற்சியே அந்நிரல் என்பது மாணவருக்கு ஊக்கமளிக்கும் செய்தி.

அண்மைக் காலத்திலே, பத்திகளைத் தாமே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு நிரல்களும் ஆவண மென்பொருள்களோடு சேர்ந்துள்ளன. 2023ஆம் ஆண்டு நியூயோர்க் நீதிமன்றமொன்றிலே, அத்தகைய நிரலொன்று தந்த வழக்குத் தீர்ப்புகளை வழக்கறிஞர் எடுத்துக்காட்டினர். அத்தீர்ப்புகள் எந்நீதிமன்றிலும் வழங்கப்பட்டனவல்ல; நிரல் கற்பித்தவை. நீதிபதி ஐயாயிரம் டொலர் தண்டம் விதித்தார். தண்டம் செலுத்தும் பொறுப்பு நிரலின் மேலன்று, வழக்கறிஞர் மேலேயே விழுந்தது.

ஆகவே, துணைநிரலொன்றைச் சேர்க்குமுன் வினவத்தக்கவை மூன்று. அதை ஆக்கியவர் யார்? அது எதனையெல்லாம் பார்க்க அனுமதி கேட்கின்றது? அதை நீக்கிவிட்டால் இதுவரை சேர்த்த குறிப்புகள் கைக்குக் கிடைக்குமா? இம்மூன்றிற்கும் தக்க விடை கிடைக்குமாயின், தயங்காது பயன்படுத்தலாம். அதனால் மிஞ்சும் நேரத்தை மூலநூலை மறுமுறை படிப்பதிற் செலவிடுதல் நன்று. அவ்வாறு படித்தறிய வேண்டியவர், ஏட்டின் முகப்பிலே தம் பெயரைப் பொறிக்கும் மாணவரே.