கேஸ் கட்டு யாருக்குச் சொந்தம்?



பீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைக்காத வக்கீல் நம்மில் எத்தனை பேர்? நானும் வைத்தவன்தான். ஒரு பெரியவர் மூன்று முறை நடந்தார். "பணம் வந்தா கட்டு வரும்"னு சொல்லி அனுப்பினேன். கட்டு அவர் கைக்குப் போவதற்குள் அப்பீல் கெடு தாண்டிவிட்டது. எங்கே புகார் கொடுப்பதென்று அவருக்குத் தெரியவில்லை, நான் தப்பித்தேன்.

2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பாக்கியை வசூலிக்க வேறு வழி உண்டு, கேட்டும் கட்டைத் தர மறுப்பது தொழில் ஒழுங்கீனம். அந்த வழக்கில் பார் கவுன்சில் விதித்த 18 மாதத் தடையை மட்டும் கண்டனமாகக் குறைத்தது.

1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம், 35-ஆம் பிரிவு. மாநில பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் மூன்று பேர். கண்டனம், தற்காலிகத் தடை, பெயர் நீக்கம் எல்லாம் அவர்கள் கையில். 60 நாளுக்குள் இந்திய பார் கவுன்சிலுக்கு அப்பீல். அதற்குமேல் உச்ச நீதிமன்றம்.

அந்த மூன்று பேரும் வக்கீல்கள்தான். நம்மை நாமே விசாரித்துக்கொள்ள நாடு நம்பி விட்டிருக்கு. திங்கட்கிழமை ஆபீஸ் அலமாரியைத் திறந்து பாருங்க. யார் கட்டாவது பாக்கிக்காகக் கிடந்தா, அன்றைக்கே கொடுத்துடுங்க.