நடுவில் வந்த நீதிபதி



கைபரிலிருந்து உயர்ரகப் பேரீச்சம்பழம் கொணர்ந்தவரிடம், அவ்வூர்ப் பழமெல்லாம் இத்தகையதுதானா என்று நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். இல்லை, மட்டமான பழத்தில் இரண்டு ஸாஉ அளந்து கொடுத்து இதில் ஒரு ஸாஉ பெறுகிறோம் என்றார் அவர். நபியவர்கள் அதைத் தடுத்தார்கள். மட்டமானதைத் திர்ஹமுக்கு விற்று, அத்திர்ஹமைக் கொண்டு நல்லதை வாங்குமாறு பணித்தார்கள். ஓரினப் பொருளை ஏற்றத்தாழ்வாக மாற்றுவது ரிபா என்பது சட்டம். பண்டமாற்றில் எளியவர் இழப்பது எவ்வளவு என்பதும் அவருக்கே தெரியாது. திர்ஹம் நடுவில் வந்தால் விலை வெளிப்பட்டுவிடும்.

ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இதனை விளக்குகிறார்கள். குங்குமப்பூ உடையவருக்கு ஒட்டகம் தேவை. எவ்வளவு குங்குமப்பூ ஓர் ஒட்டகத்திற்கு ஈடாகும்? எடையாலும் உருவத்தாலும் ஒப்பிட வழியில்லை. ஆகவே பொன்னும் வெள்ளியும் இரண்டுக்கும் இடையே நீதிபதிகளாயின. அவற்றைப் பதுக்குபவர் நீதிபதியையே சிறையிலிட்டவர் என்பது இமாமவர்களின் கருத்து. எத்துணை நுட்பமான உவமை!

அந்நீதிபதிகளோ அந்நிய நாட்டவர். ஹிஜாஸில் புழங்கிய தீனார் ரோமருடையது, திர்ஹம் பாரசீகருடையது, இரண்டிலும் அரசர்களின் உருவங்கள். நபியவர்கள் அவற்றை விலக்கவில்லை. உருவமின்றி எழுத்து மட்டுமே பொறித்த தீனாரைக் கலீஃபா அப்துல் மலிக் வெளியிட்டது ஹிஜ்ரி 77இல்தான் (கி.பி. 696-97).